கைராசி என்று சொல்லப்படுவது: பிரசவ அறைச் செவிலியரின் படிப்பும் பணியும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனையின் பிரசவ வார்டுக்கு வெளியிலோ, புதுச்சேரி எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையின் வராந்தாவிலோ காத்திருக்கும் உறவினர்களோடு சற்று நேரம் உட்கார்ந்திருந்தால், கைராசி என்ற சொல் எப்படியும் காதில் விழும். இந்த சிஸ்டர் கை வைத்தால் சுகப்பிரசவம்தான், அந்த சிஸ்டர் ட்யூட்டியில் இருந்தால் பயமில்லை என்று, முதல் பிள்ளையை அங்கே பெற்றவர்கள் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மருத்துவரின் பெயர் தெரியாதவர்களுக்கும் அந்தச் செவிலியரின் முகம் நினைவிருக்கும். அந்த நம்பிக்கையை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. பல ஆண்டுகள் பிரசவ அறைக்குள் வேலை பார்த்தவள் என்ற முறையில், வெளியில் கைராசி என்று சொல்லப்படுவது உள்ளே என்னவாக இருக்கிறது, அதை ஒரு பெண் எப்படிக் கற்றுக்கொள்கிறாள், கற்ற பிறகு அந்தத் திறமை நம் மருத்துவமனைகளில் என்ன ஆகிறது என்பதை விளக்கவே எழுதுகிறேன்.

இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்பு இந்தப் பகுதியின் கிராமங்களில் பிரசவம் பார்த்தவர் மருத்துவச்சி. இன்று நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடந்தன. மருத்துவச்சியின் இடத்துக்கு மருத்துவர் வந்துவிட்டார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சிக்கலில்லாத பிரசவமாக இருந்தால், அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் குழந்தையின் தலையை முதலில் தாங்கும் கை பெரும்பாலும் செவிலியருடையது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறைவைத்து அமர்த்தி, இரவும் பகலும் பிரசவம் பார்க்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு பரவலாக்கியபோது, அந்த ஏற்பாடு முழுவதும் செவிலியரின் கைப்பழக்கத்தை நம்பித்தான் நின்றது. இதற்கு நீண்ட வேர் உண்டு. சென்னையில் 1854-லேயே பிரசவ உதவியாளர்களுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது; 1926-இல் வந்த சென்னை மாகாணச் சட்டம் செவிலியரையும் மருத்துவச்சியையும் ஒரே கவுன்சிலின் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது. இன்றும் நர்சிங் முடித்துப் பதிவு செய்யும் ஒருவர் தம் பெயருக்குப் பின்னால் ஆர்.என்., ஆர்.எம். என்று இரண்டு தகுதிகளைப் போட்டுக்கொள்கிறார். முதலாவது பதிவுபெற்ற செவிலியர். இரண்டாவது பதிவுபெற்ற மருத்துவச்சி. அந்த இரண்டாவது தகுதியின் எடை என்னவென்று, அதைப் பெறும் பலருக்கே பிரசவ அறையில் முதல் தனி இரவு வரும் வரை தெரிவதில்லை.

பிரசவ அறைச் செவிலியர் ஆவதற்கென்று பள்ளி முடித்ததும் சேரக்கூடிய தனிப் படிப்பு எதுவும் இங்கு இல்லை. பிளஸ் 2 முடித்தவர்களுக்கு நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங், மூன்று ஆண்டு டிப்ளமோ, துணைச் செவிலியருக்கான இரண்டு ஆண்டு ஏ.என்.எம். என்று மூன்று வழிகள் உள்ளன; பட்டப் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். நம் பகுதியில் புதுச்சேரியிலுள்ள மத்திய அரசு மருத்துவ நிறுவனமான ஜிப்மரின் நர்சிங் கல்லூரி, புதுச்சேரி அரசின் அன்னை தெரசா பட்டமேற்படிப்பு மற்றும் ஆராய்ச்சி நிலையம், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததாக வளர்ந்த ராணி மெய்யம்மை நர்சிங் கல்லூரி ஆகியவை நெடுங்காலமாக அறியப்பட்டவை. தனியார் கல்லூரிகள் புதுச்சேரியைச் சுற்றி ஏராளம். பெண்ணைச் சேர்க்க வரும் பெற்றோர் விடுதியையும் பேருந்தையும் கட்டணத்தையும் விசாரிக்கிறார்கள். அவற்றைவிட முக்கியமாக விசாரிக்க வேண்டியது, மாணவிகள் பயிற்சிக்குப் போகும் மருத்துவமனையில் மாதம் எத்தனை பிரசவம் நடக்கிறது, அவற்றில் எத்தனையை மாணவியின் கையில் விடுகிறார்கள் என்பதுதான். அண்மைக் காலம் வரை நடப்பிலிருந்த இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டம், ஒவ்வொரு மாணவியும் மேற்பார்வையில் 20 இயல்பான பிரசவங்களைத் தாமே பார்த்திருக்க வேண்டும் என்று கேட்டது. பிரசவமே அரிதாக நடக்கும் மருத்துவமனையோடு இணைந்த கல்லூரியில், ஒரே பிரசவத்தைச் சுற்றி நின்ற ஆறு பேர் அதை ஆறு பதிவேடுகளில் எழுதிக்கொள்ளும் நிலை ஏற்படுகிறது. ஏட்டில் 20 இருக்கும். கையில் 3 இருக்கும்.

கை கற்க வேண்டியவை புத்தகத்தில் எளிதாகத் தெரியும். வயிற்றின் மேல் இரு கைகளையும் வைத்து, மேலே இருப்பது குழந்தையின் பிட்டமா தலையா, முதுகு எந்தப் பக்கம், தலை இடுப்பெலும்புக்குள் இறங்கிவிட்டதா என்று உணர வேண்டும். கையுறை அணிந்த இரண்டு விரல்களால், கண்ணால் பார்க்காமலே, கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். எனக்குக் கற்பித்தவர் அட்டையில் 1 முதல் 10 சென்டிமீட்டர் வரை வட்டங்கள் வெட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் அளந்து சொல்லச் சொல்வார். அட்டை அசையாது, வலியில் துடிக்காது என்பதால் அது பாதிப் பயிற்சிதான். மீதிப் பாதி, மூத்தவர் ஒருவர் தொட்ட உடனே நாமும் தொட்டு, நம் எண்ணும் அவர் எண்ணும் ஒன்றாக வரும் வரை திரும்பத் திரும்பச் செய்வதில் கிடைக்கிறது. அதையும் அந்தப் பெண்ணிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே செய்ய வேண்டும். ஒரு பெண்ணை மாணவிகள் ஒருவர் பின் ஒருவராகச் சோதிப்பது கல்வி ஆகாது. அது அவருக்கு வேதனை, கிருமித் தொற்றுக்கும் வழி.

இனி வேலையைப் பார்க்கலாம். பல அரசு மருத்துவமனைகளில் இரவுப் பணி என்பது 8 மணி முதல் மறுநாள் காலை 8 மணி வரை. உள்ளே நுழைந்ததும் செவிலியர் செய்யும் முதல் வேலை, பகலில் இருந்தவரிடமிருந்து ஒவ்வொரு படுக்கையாகப் பொறுப்பை வாங்கிக்கொள்வது: யாருக்கு முதல் பிரசவம், யாருக்கு முந்தைய சிசேரியன் தழும்பு, யாருக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருக்கிறது, யாருக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, யாருடைய பனிக்குடம் எத்தனை மணிக்கு உடைந்தது. அடுத்து, குழந்தையைக் கிடத்தும் வார்மர் சூடாகிறதா, மூச்சு கொடுக்கும் ஆம்பு பையும் சரியான அளவு முகமூடியும் இருக்கின்றனவா, ஆக்சிஜன் வருகிறதா, கருப்பையை இறுக வைக்கும் ஆக்சிடோசின் மருந்து குளிர்பெட்டியில் இருக்கிறதா என்று தம் கையால் தொட்டுப் பார்ப்பார். பகலில் இருந்தவர் பார்த்துவிட்டார் என்று விட்டுவிடுபவர், என்றைக்கோ ஒரு நாள் கிழிந்த முகமூடியோடு நிற்பார்.

பிறகு காத்திருத்தல் தொடங்குகிறது. முதல் பிரசவத்தில் வலி எடுத்துப் பிள்ளை பிறக்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அந்த நேரம் முழுவதும் செவிலியர் அரை மணிக்கு ஒரு முறை கையை வயிற்றில் வைத்து, பத்து நிமிடத்தில் எத்தனை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுகிறார். வலி அடங்கியதும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கிறார். அது நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். முக்கும் கட்டம் வந்துவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்க வேண்டும். வலியின்போது துடிப்பு குறைந்து உடனே மீள்வது ஒன்று. வலி போன பிறகும் மீளத் தயங்குவது வேறு. பனிநீர் தெளிவாக வருகிறதா, பச்சையாக வருகிறதா என்று பார்க்கிறார். பச்சை என்றால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. நான்கு மணிக்கு ஒரு முறை உள்பரிசோதனை. இவை அனைத்தும் பார்ட்டோகிராஃப் என்ற ஒரே தாளில் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் ஏறுகின்றன. நன்றாக எழுதப்பட்ட அந்தத் தாளை நள்ளிரவில் அழைக்கப்பட்டு வரும் மருத்துவர் அரை நிமிடத்தில் படித்துவிடலாம். எழுதப்படாவிட்டால், அதுவரை நடந்த எட்டு மணி நேரத்தை யாராலும் திரும்பப் பெற முடியாது. பிரசவம் முடிந்த பிறகு உட்கார்ந்து மொத்தமாக நிரப்பப்பட்ட பார்ட்டோகிராஃபை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதன் கோடு மிக அழகாக ஏறியிருக்கும். அதனால் எந்தத் தாய்க்கும் பயன் இருந்ததில்லை.

இந்தக் காத்திருப்பின் இலக்கணம் அண்மையில் மாறியிருக்கிறது. கருப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறந்ததும் வேகம் பிடிக்க வேண்டும், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் கூட வேண்டும் என்பது எங்கள் காலத்துப் பாடம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அந்தக் கணக்கு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்றன. 5 சென்டிமீட்டரிலிருந்தே வேகக் கட்டத்தைக் கணக்கிட வேண்டும் என்றும், தாயும் குழந்தையும் நலமாக இருக்கும் வரை மெதுவாக நகர்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மருந்தையோ கத்தியையோ எடுக்க வேண்டாம் என்றும் சொன்னன. பிறப்பு வழியை அகலப்படுத்த எல்லாப் பெண்களுக்கும் வழக்கமாக எபிசியாட்டமி என்ற வெட்டைப் போடுவதையும், வயிற்றின் மேல் அழுத்திக் குழந்தையைத் தள்ளுவதையும் அதே வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கவில்லை. தமிழ்நாட்டில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் சிசேரியன் 21.5 சதவீதமாக இருக்க, தமிழ்நாட்டில் 44.9 சதவீதமாக இருந்தது. காரணங்கள் பல: முந்தைய சிசேரியன், தாயின் வயது, சர்க்கரை, மருத்துவர்களின் வழக்கு அச்சம், நாள் நட்சத்திரம் பார்த்துக் கேட்கும் குடும்பங்கள். ஆனால் அவற்றின் நடுவே, பொறுமையாக உட்கார்ந்து கவனிக்க ஆள் இல்லாத குறையும் ஒரு காரணம் என்பது என் உறுதியான கருத்து. ஆறு பெண்களுக்கு ஒரே செவிலியர் என்றால் யாருடைய வலியையும் அவரால் முழுதாக எண்ண முடியாது. எண்ண முடியாத இடத்தில் எல்லோருக்கும் பயம் வருகிறது, பயம் வந்த இடத்தில் அறுவை அரங்கின் கதவு திறக்கிறது.

குழந்தையின் தலை தெரிந்ததும் செவிலியரின் வேலை, அவசரப்படாமல் இருப்பதும் அவசரப்பட விடாமல் இருப்பதும். ஒரு கையால் தலை திடீரென்று வெளிப்படாமல் தாங்கிக்கொண்டு, அந்தப் பெண்ணை முக்குவதை நிறுத்தி மூச்சை ஊதி ஊதி விடச் சொல்லி, தலையை மெல்ல வெளியே வர விட வேண்டும். தசை கிழியாமல் காப்பது அந்த அரை நிமிடப் பொறுமைதான். கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருக்கிறதா என்று விரலால் பார்த்து, தோள்கள் திரும்பக் காத்திருந்து வாங்க வேண்டும். வந்த குழந்தையைத் தாயின் வயிற்றின் மேலேயே போட்டுத் துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும். துடைப்பதே பல குழந்தைகளை அழ வைத்துவிடும். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டும் பழைய பழக்கம் தவறு என்று கைவிடப்பட்டு நெடுநாளாகிறது. பத்தில் ஒரு குழந்தைக்கு மூச்சு தொடங்கச் சிறிது உதவி தேவைப்படும். துடைத்தும் மூச்சு வராவிட்டால் முதல் நிமிடம் முடிவதற்குள் முகமூடி வைத்துக் காற்றுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். அந்த நிமிடத்தில் மருத்துவரைத் தேடி ஓட நேரமில்லை. அறையில் இருப்பவரே செய்ய வேண்டும். மூச்சு சீரான குழந்தைக்குக் கொடியை ஒரு நிமிடமாவது கழித்து வெட்டினால், நஞ்சு எனப்படும் நஞ்சுக்கொடியிலிருந்து கூடுதல் ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. ரத்தசோகை மிகுந்த நம் ஊர்களில் அது சிறிய விஷயமில்லை.

பிறகு ஆணா பெண்ணா என்பதைத் தாயிடமே காட்டி, அவர் வாயாலேயே சொல்ல வைத்து, கையில் பெயர்ப்பட்டை கட்டுகிறோம். சில பெண்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது அழுவார்கள். அந்த அழுகை எப்போதும் மகிழ்ச்சியால் வருவதில்லை என்பது பிரசவ அறையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

வெளியே சர்க்கரையோ சாக்லேட்டோ பரிமாறத் தொடங்கும் அந்த நேரத்தில்தான் தாய்க்கு மிகப் பெரிய ஆபத்து. நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தின் ரத்தக் குழாய்கள் திறந்த வாயோடு நிற்கின்றன. அவற்றை மூடுவது கருப்பைத் தசைதான். தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாக இறுகிக் குழாய்களை நெரித்து நிறுத்துகின்றன. கருப்பை கல் போல இறுகினால் ரத்தம் நிற்கும். மாவு போலத் தளர்ந்திருந்தால் ஓடும். அதனால்தான் குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள், உள்ளே இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி போடுகிறோம். ஒரு கையால் கருப்பையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கொடியை மெல்ல இழுத்து நஞ்சை வாங்குகிறோம். வந்த நஞ்சைத் தட்டில் விரித்து, ஒரு மடலும் உள்ளே தங்கவில்லை என்று பார்க்கிறோம். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கருப்பை இறுகாது என்பதால், பெற்ற களைப்பில் கிடப்பவரை எழுப்பிச் சிறுநீர் கழிக்கச் சொல்வதும் உயிர் காக்கும் சிகிச்சையே. அடுத்த இரண்டு மணி நேரம், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நாடி, ரத்த அழுத்தம், கருப்பை, துணியில் படியும் ரத்தம் என்று நான்கையும் பார்க்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஓர் இரவு, பெற்று அரை மணி ஆன ஒரு பெண் என்னிடம், "தாகமா இருக்கு சிஸ்டர், கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று மெதுவாகச் சொன்னார். கொட்டாவியும் விட்டார். களைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ரத்த அழுத்தம் சரியாகவே இருந்தது. நாடி 120 இருந்ததை எழுதினேன். எழுதியதைப் பற்றி யோசிக்கவில்லை. பக்கத்துப் படுக்கையிலிருந்து திரும்பிய மூத்த செவிலியர் போர்வையை விலக்கினார். படுக்கை விரிப்பு முழுவதும் நனைந்திருந்தது. அவர் ஒரு கையைக் கருப்பையில் வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டே, மறு கையால் எனக்கு ஊசியையும் அழைப்பு மணியையும் காட்டினார். அந்தப் பெண் பிழைத்தார். இளம் பெண்ணின் உடல் நிறைய ரத்தம் போகும் வரை அழுத்தத்தைத் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும், முதலில் ஏறுவது நாடிதான் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். தாகம், கொட்டாவி, அமைதியின்மை என்று அந்த உடல் தன் மொழியில் சொல்லியும் எனக்குக் கேட்கவில்லை.

சிந்தும் ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் குறைத்தே மதிப்பிடுவோம் என்பது எல்லோருக்கும் பொதுவான குறை. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், தாயின் அடியில் அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து ரத்தத்தை அளந்து, அளவு தாண்டிய உடனே கருப்பையைத் தேய்த்தல், மருந்துகள், சிரை வழித் திரவம், பரிசோதனை அனைத்தையும் ஒரே நேரத்தில் தொடங்கியபோது, கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் அறுவையும் மரணமும் சேர்த்து 60 சதவீதம் குறைந்தன. அந்த ஆய்வு புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை; ஒரு விரிப்பும் ஓர் ஒழுங்கும்தான் அதன் புதுமை.

நம் கடலூர் மாவட்டத்தின் நில அமைப்பும் செவிலியரின் வேலையில் கலந்திருக்கிறது. விருத்தாசலம், காட்டுமன்னார்கோவில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் தனியாக இருப்பவருக்கு, பெரிய மருத்துவமனை என்பது 108 வண்டியில் நெடுநேரப் பயணம். தலைவலி, கண் மங்கல், ஏறிய ரத்த அழுத்தம், பிறகு வலிப்பு என்று ஒரு பெண் வந்தால், வெறுமனே வண்டியில் ஏற்றி அனுப்புவது அவரைக் கைவிடுவதாகும். வலிப்பை அடக்கும் மெக்னீசியம் சல்பேட் 10 கிராமை இரு பிட்டங்களிலும் 5 கிராமாகப் பிரித்துப் போட்டு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கொடுத்த நேரத்தைத் தாளில் எழுதி, போகும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டே அனுப்ப வேண்டும். பெரிய மருத்துவமனையில் மருந்தைத் தொடர்பவர்கள் முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையவில்லையா, சிறுநீர் போதுமான அளவு இறங்குகிறதா என்று பார்த்தே அடுத்த ஊசியைத் தொடுவார்கள். அந்த மருந்து அளவு மீறினால் அதை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மாநில எல்லை இன்னொரு சங்கதி. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவது நம் வழக்கம் என்பதால், புதுச்சேரியில் கர்ப்பகாலச் சிகிச்சை பெற்றவர் கடலூரில் வலியோடு வந்து நிற்பார். கடலூர் பக்கத்துக் கர்ப்பகால அட்டையோடு ஒருவர் ஜிப்மரில் சேர்வார். வேறு ஊரில் எழுதப்பட்ட அட்டையைப் படித்து, விடுபட்டவற்றைக் கேட்டு நிரப்புவது செவிலியர். பிறப்பு எங்கு நடந்ததோ அங்குதான் பதிவு என்பதால், ஆற்றைத் தாண்டிப் பிறந்த குழந்தைக்கு 21 நாளுக்குள் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று குடும்பத்துக்குச் சொல்லி அனுப்புவதும் அவரே. மழைக்காலம் இவை எல்லாவற்றையும் கடினமாக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோதும் 2015 வெள்ளத்தின்போதும் மின்சாரமும் சாலையும் இல்லாத நாட்கள் இங்கு இருந்தன. வலி அந்த நாட்களிலும் வந்தது. ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், வெப்பத்தில் கிடந்தால் வீரியம் போய்விடும் என்று அறிந்த செவிலியர், புயல் எச்சரிக்கை வந்த உடனே ஐஸ் பெட்டியைத் தேடுவார்.

இந்தப் பணியில் மிகக் குறைவாகக் கற்பிக்கப்படுவது பேச்சு. வலியில் கத்தும் பெண்ணை, கணவனோடு இருந்த நாளைச் சுட்டிக்காட்டி ஏசும் வழக்கம் நம் பிரசவ அறைகளில் இருந்தது. இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. பணிச்சுமை, தூக்கமின்மை, மேலிருப்பவரின் கோபம் ஆகிய எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தாலும் அதற்கு மன்னிப்பு இல்லை என்றே நினைக்கிறேன். ஏசப்பட்ட பெண், ரத்தம் போவதைக்கூடச் சொல்லப் பயந்து வாயை மூடிக்கொள்வாள் என்பதால் அது ஆபத்தும்கூட. "கண்ணு, இந்த வலி போயிடும், மூச்சை விடு, நான் இங்கதான் இருக்கேன்" என்று கையைப் பிடித்துச் சொல்லும் ஒருவர் இருந்தால் வலியின் கடுமை மாறுவதை ஒவ்வோர் இரவும் காணலாம். அதற்காகவே தமிழ்நாடு அரசு 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண் உறவினரை உடன் இருக்க விடுகிறது. மத்திய அரசின் லக்‌ஷ்யா திட்டமும் 2017-லிருந்து மரியாதையான பராமரிப்பைப் பிரசவ அறையின் தரத்தில் ஒன்றாக அளக்கிறது. அம்மா உடன் இருந்தால் தொந்தரவு என்று சொல்லும் செவிலியர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்ல முடிவது, முதுகைத் தடவிவிடவும் தண்ணீர் கொடுக்கவும் ஒருவர் இருந்தால், நாடியை எண்ண நமக்கு ஒரு கை மிச்சமாகிறது என்பதுதான்.

ஊதியத்தைப் பொறுத்தவரை வேறுபாடு பெரிது. ஜிப்மர் போன்ற மத்திய நிறுவனங்களில் நர்சிங் அதிகாரியின் தொடக்க அடிப்படை ஊதியம் ஏழாவது ஊதியக் குழுவின்படி 44,900 ரூபாய். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வருபவர்களில் பலர் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, காலமுறை ஊதியத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சிறு தனியார் மருத்துவமனைகளில் அதே பதிவுச் சான்றோடு மிகக் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் உண்டு. வெளிநாடு போக நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பிரிட்டனில் மருத்துவச்சிக்குத் தனிப் பதிவேடு, தனிப் படிப்பு, இங்கே நூறு பிரசவம் பார்த்திருப்பதால் மட்டுமே அங்கே மருத்துவச்சியாகப் பதிவாகிவிட முடியாது. அமெரிக்காவில் பிரசவப் பிரிவுச் செவிலியர் என்பது பதிவுபெற்ற செவிலியர்களுக்குள் ஒரு சிறப்புத் துறை; கவனிப்பதும் கண்காணிப்பதும் அவர் வேலை, குழந்தையை ஏந்துவது மருத்துவரோ பட்டம் பெற்ற மருத்துவச்சியோ.

அந்தச் சிறப்புத் துறை என்ற எண்ணமே நம்மிடம் வேர் பிடிக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். இங்கே பிரசவ அறைக்கு ஒருவர் விரும்பி விண்ணப்பித்து வருவதில்லை. வார்டு மாற்றப் பட்டியலில் பெயர் வருகிறது, வருகிறார். ஓராண்டு, ஈராண்டில் விரலுக்கு அளவு பிடிபட்டு, போர்வைக்கு அடியில் பார்க்கும் பழக்கம் படியும் நேரத்தில் அடுத்த பட்டியல் வந்து கண் வார்டுக்கோ எலும்பு வார்டுக்கோ போகிறார். லக்‌ஷ்யா வழிகாட்டுதல்கள் பயிற்சி பெற்ற பிரசவ அறைச் செவிலியரைச் சுழற்சியில் மாற்ற வேண்டாம் என்று சொல்லியும், ஆள் பற்றாக்குறை வரும்போது முதலில் மீறப்படுவது அதுதான். 2018-இல் மத்திய அரசு மருத்துவச்சிச் சேவைக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டு, பதிவுபெற்ற செவிலியர்களுக்கு 18 மாதத் தனிப் பயிற்சி அளித்து, இயல்பான பிரசவங்களைத் தாமே பொறுப்பேற்று நடத்தும் ஒரு பிரிவை உருவாக்க முனைந்தது. 2023-இல் வந்த தேசியச் செவிலியர் மற்றும் மருத்துவச்சி ஆணையச் சட்டம் மருத்துவச்சி என்ற பெயரைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறது. அந்தப் பிரிவு நம் மாவட்ட மருத்துவமனைகளின் பணியிடப் பட்டியலில் உண்மையான எண்ணிக்கையோடு இடம்பெற்றால்தான், இந்தத் திறமை ஓரிடத்தில் தங்கி அடுத்தவருக்குக் கைமாறும்.

நான் பிரசவ அறையை விட்டு வேறு பிரிவுக்கு மாற்றப்பட்ட பிறகும் சில மாதங்கள், இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் என் தொலைபேசி ஒலித்துக்கொண்டிருந்தது. பேசுவது, எனக்குப் பதிலாக அங்கே போடப்பட்ட இளம்பெண். குரலைத் தணித்து, "அக்கா, ஊசி போட்டாச்சு, நஞ்சும் முழுசா வந்துடுச்சு, ஆனா கருப்பை இன்னும் மெத்துன்னு இருக்குக்கா" என்பாள். டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டாயா, யூரின் போனாளா, நாடி எத்தனை என்று நான் கேட்பேன். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எண்ணத் தொடங்குவது எனக்குக் கேட்கும்.